ஏழு மலையும் ஒரு தூக்குப்போசித் தண்ணீரும்

முதல் நாள்: பூண்டி அடிவாரம்

வெள்ளியங்கிரி மலை ஏற வேண்டும் என்று நானும் பங்காளியும் பேசத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மாசி பிறக்கும்போது பேச்சு எழும். மஞ்சள் வெட்டு, ஊர்க் கோயில் திருவிழாச் சாட்டு, நெருங்கிய உறவில் ஒரு கலியாணம் என்று ஏதேனும் ஒன்று குறுக்கே வரும். அதற்குள் வைகாசி மழை இறங்கி, வனத்துறை பாதையை அடைத்துவிடும். பிப்ரவரி தொடங்கி மே முடியும் வரைதான் இந்த மலைக்கு வழி திறந்திருக்கிறது. இந்தப் பங்குனியில் அவருடைய மஞ்சள் வேவித்துக் காய்ந்து மூட்டையும் பிடித்தாகிவிட்டதால், தள்ளிப்போடக் காரணம் எதுவும் எஞ்சவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஊர், ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம். அதனால்தான் அவர் எனக்குப் பங்காளி. எங்கள் ஊர் நொய்யலின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைக்கு அப்பால், ஆற்றங்கரையிலிருந்து அரைக் கல் தொலைவில் இருக்கிறது. நாங்கள் வளர்ந்த காலத்தில் ஆற்றில் நுரையும் சாயமும் கலந்து வந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு ஆற்றின் நிறம் தெளிந்ததே தவிர, எங்கள் கிணறுகளில் இறங்கிய உப்பு இன்னும் வெளியேறவில்லை. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் மலர்வதில்லை. ‘அந்தக் காலத்துல நொய்யத் தண்ணில ஒரு கொதியிலயே பருப்பு வெந்துருமே’ என்று என் தாயார் சொல்லாத வாரம் கிடையாது. அந்த ஆறு பிறக்கும் மலையை ஒரு முறையாவது காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசையின் வேர். பங்காளிக்கு ஆண்டவர் தரிசனம் முதன்மை, எனக்குத் தண்ணீர். இரண்டுக்கும் ஒரே பாதைதான்.

காலையில் புறப்பட்டுக் கோவை வந்து, நண்பகலில் பேரூரில் இறங்கினோம். வெள்ளியங்கிரிக்குச் செல்பவர்கள் பலர் பட்டீசுவரரை வணங்கிவிட்டே மேற்கே நகர்கிறார்கள். கனகசபையின் தூண் சிற்பங்களை நின்று பார்க்க ஒரு மணி நேரம் போதவில்லை. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கோயிலை அடுத்த நொய்யல் படித்துறையில் திதி கொடுப்பவர்கள் அமர்ந்திருந்தார்கள். காஞ்சி மாநதி என்ற பழம்பெயரோடு புகழ்பெற்ற இந்த ஆறு, பங்குனியில் படிகளுக்குக் கீழே மெலிந்து கிடந்தது. பங்காளி கையை நனைத்துக்கொண்டு, “இதே தண்ணிதானுங்க நம்மூருக்கும் வருது” என்றார்.

பேரூரிலிருந்து மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு என்று பேருந்து மேற்கே செல்லச் செல்ல, இரு புறமும் பாக்குத் தோப்பும் வாழையும் அடர்ந்து, காற்றின் சூடு தணிந்துகொண்டே வந்தது. இருட்டுப்பள்ளத்தைத் தாண்டியதும் மலை ஒரு சுவரைப்போல எதிரே எழுந்து நின்றது. ஏழு மலை என்று கேட்டுப் பழகிய மனத்துக்கு ஏழு தனித்தனிச் சிகரங்கள் தெரியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. கீழிருந்து பார்த்தால் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பதால், முதல் மலையின் முதுகைத் தவிர வேறெதுவும் புலப்படவில்லை.

மாலையில் பூண்டியை அடைந்து, அடிவாரக் கோயிலில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் வணங்கினோம். கடைகளில் மூங்கில் தடிகள் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பங்காளி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஊன்றி, கணு நெருங்கிய இரண்டைத் தேர்ந்தெடுத்தார். நெஞ்சளவு உயரமும் பிடிக்குள் அடங்கும் பருமனும் இருந்தால்தான் இறங்கும்போது உடல் எடையைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கு என்பது மறுநாள் தெரிந்தது.

இதய நோய், மூச்சுத் திணறல், கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மலை ஏற வேண்டாம் என்று இங்கே திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். இந்தப் பாதையில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. நாங்கள் இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள் என்பதால், மருத்துவரிடம் உடலைக் காட்டிவிட்டு, இரண்டு மாதங்கள் சென்னிமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகிய பிறகே வந்தோம். இதைப் படித்துவிட்டுப் புறப்பட நினைப்பவர்கள் தயவுசெய்து அவ்வாறே செய்யுங்கள். பக்தி காலுக்குத் துணை வரும். நெஞ்சுக்கு மருத்துவர் சொல் வேண்டும்.

பெரும்பாலோர் வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே ஏறத் தொடங்குகிறார்கள். பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் நாங்கள் விடியலுக்கு முன் தொடங்குவதென்று முடிவு செய்தோம். மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தபடி இதை எழுதுகிறேன். பையில் இருவருக்கும் கட்டுச்சோறாகப் புளிச்சோறு, கடலை மிட்டாய், நெல்லிக்காய், உப்புச் சர்க்கரைப் பொடி, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு கைவிளக்கு. இவற்றோடு என் தாயார் கொடுத்தனுப்பிய மூடி போட்ட தூக்குப்போசி ஒன்று, காலியாக.

இரண்டாம் நாள்: ஏழு மலை

அதிகாலை நான்கு மணிக்கு வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்த்தார்கள். நெகிழிப் பைகளையும் தின்பண்ட உறைகளையும் எடுத்துக்கொண்டு, தண்ணீர்ப் புட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டி வைப்புத்தொகை வாங்கினார்கள். புட்டியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். தூக்குப்போசியைத் திருப்பிப் பார்த்த இளைஞர், “தீர்த்தத்துக்குங்களா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் மலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தின் முடிவு அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து வெள்ளை விநாயகர் கோயில் வரை கற்படிகள். ஒரு படி சாண் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். காலுக்கு ஓர் ஒழுங்கு பிடிபடுவதற்குள் படியின் அளவு மாறிவிடுகிறது. மரங்கள் இரு புறமும் அடைத்து நிற்பதால் காற்று வீசுவதில்லை, விடியும் முன்பே சட்டை நனைந்துவிட்டது. எவ்வளவு ஏறினோம் என்று அறியக் காட்சி எதுவும் தென்படாது. பத்தே நிமிடத்தில் எங்களைக் கடந்து ஓடிய நான்கு இளைஞர்களை, அடுத்த அரை மணி நேரத்தில் படியில் படுத்துக் கிடக்கக் கண்டோம்.

பங்காளி மஞ்சள் மண்டியில் மூட்டை எண்ணிப் பழகியவர். படிகளையும் அவ்வாறே எண்ணினார். ஒன்று என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று நூறு வரை போய், அங்கே நின்று முப்பது எண்ணும் வரை மூச்சு வாங்கி, மீண்டும் ‘லாபம்’. தானியம் அளக்கும் நம் பெரியவர்களின் வழக்கம் அது. நானும் அந்த எண்ணிக்கைக்குள் காலைப் பொருத்திக்கொண்டேன். வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விட முடிகிற வேகமே நம் வேகம். வாய் திறந்துவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டதால், ஐந்தே முக்கால் மணிக்கு வெள்ளை விநாயகர் முன்னால் நின்றபோது தொடை கனத்திருந்தது, நெஞ்சு அமைதியாக இருந்தது.

அங்கே சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் விடிந்தது. பள்ளத்திலிருந்து, யாரோ நினைவில்லாமல் சீழ்க்கை அடித்துக்கொண்டு நடப்பதைப் போன்ற ஓர் ஒலி எழுந்தது. சீகாரப்பூங்குயில். மலை ஓடைகளை ஒட்டி வாழும் பறவை என்பதால், அந்தக் குரலைக் கேட்டால் அருகில் எங்கோ நீர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாம் மலையில் மூங்கில் அடர்ந்திருக்கிறது. அதன் முடிவில் பாம்பாட்டிச் சுனை. பாறையின் வெடிப்பிலிருந்து வரும் நீர் மெல்லிய தாரையாக விழ, மக்கள் வரிசையில் நின்று புட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் பங்காளி இரு கைகளையும் குவித்து வாங்கி ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, “உப்பே இல்லீங்க” என்றார். மேலே இருக்கும் புல்வெளியும் சோலைக்காடும் மழையை ஓடவிடாமல் தம் மண்ணுக்குள் உறிஞ்சி வைத்து, பாறை இடுக்குகளின் வழியே சிறுகச் சிறுகக் கீழே விடுகின்றன. மழை நின்று மாதக்கணக்கான பிறகும் பங்குனி வெயிலில் இந்தச் சுனை வற்றாமல் இருப்பதற்கு அதுவே காரணம். காடு அழிந்தால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக இறங்கிவிடும், சித்திரையில் குடிக்கச் சொட்டு மிஞ்சாது.

மூன்றாம் மலையில் கைதட்டிச் சுனை. கை தட்டினால் நீர் வரும் என்பது நம்பிக்கை. எங்களுக்கு முன் நின்ற முதியவர், தூளியில் கிடக்கும் குழந்தையை எழுப்புவதுபோல மெதுவாக மூன்று முறை தட்டிவிட்டு, விழுந்த நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்களும் தட்டினோம். நீர் நூலிழையாகத்தான் வந்தது. அதற்காகக் காத்திருக்க ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு மலைக்கும் அதன் சுனையை வைத்தே பெயரும் கதையும் சொல்லியிருக்கிறார்கள் என்பது அங்கே நிற்கையில் எனக்கு உறைத்தது. நீர் எங்கே கிடைக்கும் என்பதை மறவாதிருக்க நம் முன்னோர் கண்ட வழியாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான்காம் மலையில் ஒட்டன் சமாதி இருக்கிறது. பாதை ஓரளவு சமமாகி, கல் மறைந்து மண் தொடங்குகிறது. கால்கள் தாமாகவே நடந்தன, சொல்வதற்கு அதிகமில்லை.

ஐந்தாம் மலையில் மரங்கள் விலகின. அதுவரை நாங்கள் ஒரு நீண்ட மாடிப்படி அறைக்குள் ஏறிக்கொண்டிருந்ததைப் போலவும், திடீரென்று கூரை விலகி மொட்டைமாடிக்கு வந்துவிட்டதைப் போலவும் இருந்தது. இடுப்பளவுப் புல் காற்றில் ஒரே திசையில் படுத்து எழுந்தது. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடுகள் குட்டையான மரங்களோடு கருத்த பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வழியில் உருண்டையாக நிற்கும் பெரும் பாறைக்குப் பீமன் களியுருண்டை என்று பெயர். ராகிக் களி கிண்டிப் பிசைந்து உருட்டிய கையின் தடம் அறிந்த ஊர்க்காரர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். எந்த மேடு ஐந்து, எந்த மேடு ஆறு என்பதில் நடப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடுவதில்லை. ஒரே நீண்ட முகட்டின் ஏற்ற இறக்கங்களையே ஏழாக எண்ணுகிறார்கள் என்பதால், அந்த வேறுபாடு இயல்பானது. ஆறாம் மலையை நோக்கிப் போகும் வழியில் மண் வெண்மையாக இருந்தது. பக்தர்கள் அதைக் கிள்ளி நெற்றியில் திருநீறாக இட்டுக்கொண்டார்கள், பங்காளி எனக்கும் இட்டுவிட்டார்.

அந்தப் புல் பங்குனியில் சருகாகக் காய்ந்திருக்கிறது. அதன் நடுவே பீடித் துண்டு ஒன்றைக் கண்டபோது எனக்கு உடல் நடுங்கியது. அடிவாரத்தில் பைகளைச் சோதிப்பதை எரிச்சலோடு பார்த்தவர்களும் இங்கே நின்று அந்தப் புல்லைப் பார்த்தால் காரணத்தை உணர்வார்கள். பங்காளி அந்தத் துண்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறாம் மலை ஏற்றத்தோடு ஓர் இறக்கத்தையும் வைத்திருக்கிறது. அந்த இறக்கத்தின் அடியில் ஆண்டி சுனை. ஏழாம் மலைக்கு முன் இங்கே குளிப்பது வழக்கம். வெயில் ஏறிய பத்து மணிக்கும் நீர் எலும்பைத் தொடும் குளிர்ச்சி. பங்காளி வேட்டியை இறுக்கிக் கட்டி ஒரே முழுக்காக முழுகி எழுந்து, பல் தந்தியடிக்க, “வாங்க, ஒண்ணும் பண்ணாது” என்று என்னை அழைத்தார். மூன்று முழுக்குப் போட்டேன். அதிகாலையிலிருந்து கால்களில் சேர்ந்திருந்த சூடு முழுவதும் அந்த நீரில் இறங்கிப் போனதை உணர்ந்தேன்.

ஏழாம் மலை செங்குத்தானது. படிகள் கிடையா, பாறையும் மண்ணும் கலந்த சரிவில் பல இடங்களில் தடியை முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு இரு கைகளாலும் பற்றி ஏற வேண்டியிருந்தது. எதிரே இறங்குபவர்கள் ஒதுங்கி நின்று, “இன்னும் கொஞ்சந்தானுங்க சாமி” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ‘லாபம்’ நூறு வரை செல்லாமல் இருபதிலேயே நின்றது. காற்று பக்கவாட்டிலிருந்து தள்ளியது. பத்து ஐம்பதுக்கு, ஏறத்தாழ 6000 அடி உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இயற்கையாகவே வாயிலாக அமைந்த பெரும் பாறைகளுக்கு அடியில், தென்கயிலை என்று நம்மவர் போற்றும் இடத்தில், சுயம்புவாக எழுந்தருளிய ஆண்டவரைக் கண்டோம். பங்காளி வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். அவர் வேண்டிக்கொண்டதை நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு பாறையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கிழக்கே சமவெளி முழுவதும் வெயில் மூட்டத்தில் மங்கியிருக்க, அதன் நடுவே பாக்கும் தென்னையும் ஒரு பச்சைப் பட்டையாக நீண்டு சென்றது. நொய்யல் போகும் தடம் அது. இந்த மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் அடிவாரத்தில் கூடி நொய்யலாகி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, எங்கள் ஊரைத் தொட்டு, கரூர் மாவட்டத்து நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் கலக்கின்றன. தெற்கே மலைத்தொடர் திடீரென்று அறுந்து பாலக்காட்டுக் கணவாய் திறந்திருந்தது. ஆடியில் எங்கள் ஊர் வரை வந்து பனையோலையைச் சலசலக்க வைக்கும் காற்று நுழையும் வாசல் அது. மேற்கே வீடோ வயலோ இல்லாத காடு, மடிப்பு மடிப்பாகக் கேரளத்துக்குள் இறங்கியது.

“அந்தப் பக்கம் பேயற மழ எங்கீங்க போகுது?” என்று பங்காளி கேட்டார்.

“சிறுவாணிக்குங்க. சிறுவாணி பவானில சேருது. சிறுவாணித் தண்ணியக் கொஞ்சம் மலையக் குடைஞ்சு சொரங்கம் வழியாக் கோயமுத்தூருக்குக் குடிக்கக் கொண்டாராங்க.”

“பவானியும் காவேரிலதானுங்க போய் விழுது?”

“ஆமாங்க, கூடுதுறைல.”

அவர் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மேகத்திலிருந்து விழும் இரண்டு துளிகள் இந்த முகட்டில் பிரிந்து, ஒன்று பவானியாகவும் மற்றொன்று நொய்யலாகவும் தனித்தனியே கொங்கு நாட்டைச் சுற்றிவந்து, இறுதியில் காவிரியில் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். அந்த முகட்டில் அமர்ந்து பார்த்தபோது தொண்டை அடைத்தது.

திரும்பும் வழியில் ஆண்டி சுனைக்கு மேற்புறம், குளிப்பவர்கள் இறங்காத இடத்தில், தூக்குப்போசியை நிரப்பினேன். அதைத் தளும்பாமல் கொண்டுவருவதுதான் பின்பாதி நாளின் வேலையாக இருந்தது. இறக்கத்தை எளிதென்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏறும்போது உழைப்பது தொடையும் மூச்சும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் முழு எடையும் முழங்காலில் விழுகிறது. மூன்றாம் மலைக்குக் கீழே பங்காளியின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. துண்டைக் கிழித்து இறுகக் கட்டிவிட்டு, நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, வலிக்கும் காலை அடுத்தும் நல்ல காலைக் கடைசியிலும் வைக்கச் செய்தேன். அவர் பையையும் நானே வாங்கிக்கொண்டேன். தூக்குப்போசியை மட்டும் அவர் தர மறுத்து, இடக்கையில் பிடித்தபடியே இறங்கினார். முதல் மலையின் படிகளை அவ்வாறு கடக்க ஏறியதைவிட அதிக நேரம் பிடித்தது. அடிவாரத்தை அடைந்தபோது மணி ஆறு.

மூன்றாம் நாள்: ஊர்

காலையில் கட்டிலிலிருந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தொடைகள் கல்லாக இறுகிவிட்டன. நல்லெண்ணெய் சூடு காட்டித் தேய்த்து, வெந்நீர் ஊற்றிய பிறகே வாசல்படி தாண்ட முடிந்தது.

தாயார் எதையும் கேட்கவில்லை. புறவாசலில் கல் கூட்டி இரண்டு அடுப்பு மூட்டி, இரண்டு சட்டிகளில் ஒரே அளவு துவரம்பருப்பு போட்டார். குக்கரில் வைத்தால் எந்தத் தண்ணீரிலும் வெந்துவிடும், வேறுபாடு தெரியாது என்பது அவர் வாதம். ஒன்றில் எங்கள் கிணற்று நீர், மற்றொன்றில் ஆண்டி சுனை நீர். நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை பருப்பை இளக விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன; அதைத்தான் கடினநீர் என்று பள்ளியில் படித்தோம். அம்மா அதைப் படித்தவர் அல்லர். அரை மணி நேரத்தில் சுனை நீர்ச் சட்டியில் பருப்பு மலர்ந்து, கரண்டியால் மசிக்க வெண்ணெயாகக் குழைந்தது. கிணற்று நீர்ச் சட்டியில் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக, விரலில் எடுத்தால் கடுக்கென்று நின்றது.

அம்மா மசித்த பருப்பில் உப்பும் நெய்யும் போட்டு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “இப்படித்தாங் கண்ணு இருந்துச்சு” என்றார்.

பதினொரு மணிக்குப் பங்காளி மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டே வந்து சேர்ந்தார். வட்டிலில் சோறு போட்டுப் பருப்பை ஊற்றினோம். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ எழுந்தவர் தூக்குப்போசியைத் திறந்து பார்த்தார். அடியில் அரைப்படி அளவு நீர் மிஞ்சியிருந்தது.

“இதைக் கொடுங்க, எங்கூட்லயும் ஒரு சட்டி வெச்சுப் பார்க்கறோம்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் தடியும் மறு கையில் போசியுமாக, நேற்று இறங்கியதைப் போலவே பக்கவாட்டில் திரும்பி எங்கள் வாசல்படியில் இறங்கிப் போனார்.